பூச்சி மருந்தைக் குறைத்தும் நெல் குறையவில்லை: இந்தோனேசியாவின் 1986 முடிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

புதிய தொழில்நுட்பம் வந்தால் நாடு வளமாகும் என்பது பாதி உண்மை. விளைச்சல் ஏறும், ஏற்றுமதி ஏறும், ஜிடிபி ஏறும். இவையெல்லாம் அந்தந்த ஆண்டின் வரவு. நாட்டின் செல்வத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். இனி வரும் ஆண்டுகளிலும் வரவு தரப்போகும் மண், நீர், காடு, எண்ணெய், கால்வாய், தொழிற்சாலை, மக்களின் அறிவு ஆகியவற்றின் கையிருப்புதான் அது. ஒரு தொழில்நுட்பம் வரவைக் கூட்டிக்கொண்டே கையிருப்பைக் கரைத்துவிட முடியும். கரைவது கணக்குப் புத்தகத்தில் தெரிவதில்லை என்பதால் வளரும் நாடுகளின் திட்டத் துறைகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் விழித்துக்கொள்கின்றன.

இந்தோனேசியாவின் நெல் வயல்களில் இது நடந்தது. அங்கே பூச்சி மருந்துக்கு மானியம் கொடுத்துவந்த அரசே 1986-ல் பாதி வழியில் திரும்பியது என்பதால் இந்த நிகழ்வுக்குத் தனி மதிப்பு உண்டு. திரும்பியதில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதும் இப்போது தெரிகிறது.

பின்னணி: 1966 முதல் 1984 வரை

1966-ல் இந்தோனேசியாவின் பணவீக்கம் 600 சதவீதத்தைத் தாண்டியது. அரிசி விலை ஏறினால் ஆட்சி ஆட்டம் காணும் என்பதை அப்போது பொறுப்பேற்ற புதிய அரசு நேரில் பார்த்திருந்தது. அதனால் அரிசியில் தன்னிறைவு என்பது அதற்கு வேளாண்மைக் கொள்கையாக மட்டும் இருக்கவில்லை, பிழைத்திருப்பதற்கான வழியாகவும் இருந்தது.

'பிமாஸ்' என்ற தீவிர சாகுபடித் திட்டத்தின் கீழ் குட்டை ரக விதை, உரம், பூச்சி மருந்து, கடன் நான்கும் ஒரே தொகுப்பாக விவசாயியிடம் வந்தன. இதில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல இடமில்லை. 1968 முதல் 1970 வரை வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு விமானத்திலிருந்துகூட மருந்து தெளித்தார்கள். கீழே இருந்த வயலின் சொந்தக்காரரிடம் யாரும் கேட்கவில்லை.

1973-74ல் எண்ணெய் விலை நாலு மடங்கானது. எண்ணெய் ஏற்றுமதி செய்துவந்த இந்தோனேசியாவுக்குப் பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் பாசனக் கால்வாய்கள் புதுப்பிக்கப்பட்டன, உரத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1978-79க்குள் 61,000-க்கும் அதிகமான தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. எண்ணெய் எடுக்க எடுக்கத் தீரும் சொத்து. அதை விற்ற காசு பள்ளியாகவும் கால்வாயாகவும் மாறினால் கையிருப்பு வேறு உருவத்தில் நிற்கிறது என்று சொல்லலாம். அதே எண்ணெய்க் காசின் இன்னொரு பகுதி பூச்சி மருந்து மானியத்துக்குப் போனது. விவசாயி கொடுத்தது மருந்து விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதியை அரசு ஏற்றது. 1980களின் நடுவில் இந்த மானியம் ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

விலை கிட்டத்தட்ட இலவசம் என்றால் அளவு பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாட்காட்டியைப் பார்த்துத் தெளிப்பது பழக்கமானது. அரசின் வேளாண் விரிவாக்க அலுவலர்களும் விவசாயிகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் எச்சரிக்கை 1970களிலேயே வந்தது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும், அதுவரை சாதாரணப் பூச்சியாக இருந்த புகையான் பெருக ஆரம்பித்து, 1977-ல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை அழித்தது. அந்த ஆண்டு இந்தோனேசியா ஏறத்தாழ 20 லட்சம் டன் அரிசியை இறக்குமதி செய்தது. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரிய அரிசி இறக்குமதியாளர் அந்த நாடுதான்.

அப்போது கிடைத்த தீர்வு புதிய நெல் ரகம். புகையானைத் தாங்கும் ஐஆர் 26 சில பருவங்களிலேயே தோற்றிருந்தது. அடுத்து வேறொரு எதிர்ப்பு மரபணுவோடு வந்த ஐஆர் 36 பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. விளைச்சல் ஏறியது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு அறிவிக்கப்பட்டது. 1985-ல் ரோம் நகரில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மேடையில் அந்நாட்டு அதிபர் பாராட்டப்பட்டார். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தெளிப்பு மட்டும் அப்படியே தொடர்ந்தது.

வயலில் கண்டது: 1985–86

பாராட்டு கிடைத்த அதே பருவத்தில் ஜாவாவில் புகையான் திரும்பி வந்தது. சுவைக்காகவும் விளைச்சலுக்காகவும் விவசாயிகள் விரும்பிப் பயிரிட்ட சிசடானே போன்ற ரகங்கள் அதைத் தாங்கவில்லை. வயல்கள் வட்ட வட்டமாகக் காய்ந்தன. அரசு வழக்கம்போல இன்னும் அதிகம் தெளிக்கச் சொன்னது. தெளித்த வயல்களில்தான் பூச்சி அதிகமாக இருந்தது.

அதிகாரிகளுக்கு இது குழப்பமாக இருந்தாலும் பூச்சியியல் வல்லுநர்களுக்குப் புதிதல்ல. 1970களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் செய்த ஆய்வுகள் இதை ஏற்கெனவே காட்டியிருந்தன. புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே போய்ச் சேராது. வளர்ந்த பூச்சிகளில் ஒரு பகுதி சாகும். அவற்றைத் தின்னும் ஓநாய் சிலந்திகளும், முட்டையைத் தேடி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சிகளும் கிட்டத்தட்ட மொத்தமாகச் சாகும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரித்து, எதிரியே இல்லாத வயலில் குஞ்சுகள் இறங்கும். ஒரு பெண் பூச்சி சில நூறு முட்டை இடும், ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம்கூட ஆகாது. சிலந்திகள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. தெளிக்காமல் விட்ட சோதனை வயல்களில் பூச்சி இருந்தது, ஆனால் பயிரைச் சாகடிக்கும் அளவுக்கு ஏறவில்லை.

புதிய ரகங்கள் தோற்றதற்கும் இதில் பங்கு உண்டு. எதிர்ப்புத் திறன் உள்ள ரகத்தில் பிழைத்துக்கொள்ளும் பூச்சி எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். சிலந்தி இருக்கும் வயலில் அவையும் தின்னப்படும். சிலந்தி இல்லாத வயலில் அவை பெருகி அடுத்த தலைமுறையாகிவிடும். ஆக, ஒரு தொழில்நுட்பம் இன்னொன்றின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருந்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான ஒரு ரகம் சில பருவங்களில் காலாவதியாவது நேரடியான சொத்து இழப்பு. இதை அப்படிப் பார்த்தவர்கள் அன்றைக்கு அதிகம் இல்லை.

கணக்கில் என்ன தெரிந்தது

அந்த ஆண்டுகளின் தேசியக் கணக்கை விரித்தால் எல்லாம் நல்ல செய்தியாகவே இருக்கும். மருந்துத் தொழிற்சாலையின் உற்பத்தி தொழில்துறை வளர்ச்சியில் சேர்ந்தது. நெல் விளைச்சல் வேளாண் வளர்ச்சியில் சேர்ந்தது. மானியம் அரசுச் செலவில் ஒரு பதிவு. அழிந்த சிலந்திக்கு எந்தப் பதிவும் இல்லை, அது செய்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை என்பதால்.

இது பூச்சியோடு நிற்கவில்லை. வாஷிங்டனில் உள்ள உலக வளங்கள் நிறுவனம் 1989-ல் இந்தோனேசியக் கணக்கைத் திருத்திப் பார்த்தது. 1971 முதல் 1984 வரை ஜிடிபி ஆண்டுக்குச் சராசரியாக 7.1 சதவீதம் வளர்ந்ததாகப் பதிவாகியிருந்தது. எடுத்த எண்ணெய், வெட்டிய மரம், ஜாவாவின் மேட்டு நிலங்களில் அரித்துப்போன மண் மூன்றை மட்டும் தேய்மானமாகக் கழித்ததும் வளர்ச்சி 4.0 சதவீதமாக இறங்கியது. பூச்சி மருந்தின் விளைவு அந்தத் திருத்தத்தில்கூட இடம்பெறவில்லை.

பின்னாளில் உலக வங்கி வெளியிட ஆரம்பித்த 'சரிசெய்த நிகர சேமிப்பு' என்ற அளவீடும் இதே வழியில் போகிறது. மொத்தச் சேமிப்பிலிருந்து இயந்திரத் தேய்மானம், தாது, எரிபொருள், காடு ஆகியவற்றின் இழப்பு, மாசின் சேதம் கழிக்கப்படும், கல்விச் செலவு கூட்டப்படும். வளரும் நாடுகளுக்கு ஜிடிபியைவிட இது நேர்மையான கண்ணாடி என்றே நினைக்கிறேன். இந்த நிகழ்வுக்கு மட்டும் அது பாதி குருடு. வயலில் உள்ள நன்மை செய்யும் பூச்சிகள் அதில் இல்லை. விவசாயிக்கு வயலில் கிடைக்கும் பயிற்சி கல்வித் துறைச் செலவில் வராததால் அதுவும் இல்லை. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

முடிவும் காரணங்களும்: நவம்பர் 1986

அந்நாட்டுப் பல்கலைக்கழகப் பூச்சியியல் வல்லுநர்கள், உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர்கள், தேசியத் திட்டமிடல் வாரியமான 'பப்பெனாஸ்' அதிகாரிகள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து இந்த ஆதாரங்களை அதிபர் வரை கொண்டு போயின. வேளாண் அமைச்சகம் வழியாக மட்டும் இது போயிருந்தால் நகர்ந்திருக்காது என்று நினைக்கக் காரணம் உண்டு. மருந்தைக் கொள்முதல் செய்வதும் விநியோகிப்பதும் அந்தக் கட்டமைப்புக்குள்ளேயே இருந்தன. பப்பெனாஸுக்கு மருந்தோடு அந்த உறவு இல்லை, அதன் கவலை பட்ஜெட்.

பட்ஜெட் அப்போது நெருக்கடியில் இருந்தது. 1986-ல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. செப்டம்பரில் நாட்டு நாணயமான ருப்பியாவின் மதிப்பைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 10 கோடி டாலர் மானியம் பூச்சியைக் குறைக்காமல் பெருக்குகிறது என்ற வாதம் அந்த நேரத்தில் எளிதாகக் காதில் ஏறியது. சுற்றுச்சூழல் அக்கறைதான் முடிவுக்குக் காரணம் என்று பின்னாளில் எழுதியவர்கள் பலர். எண்ணெய் விலை விழாமல் இருந்திருந்தால் அந்த ஆதாரங்கள் மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1986 நவம்பர் 5 அன்று அதிபரின் 3ஆம் எண் ஆணை வெளியானது. பலவகைப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும் 57 மருந்து வகைகள் நெல்லுக்குத் தடை செய்யப்பட்டன. புகையானை மட்டும் குறிவைக்கும் சில மருந்துகள் அனுமதிக்கப்பட்டன. மருந்தை மட்டும் நம்பாமல் இயற்கை எதிரிகளையும் வயல் கவனிப்பையும் சேர்த்துப் பூச்சியைக் கட்டுப்படுத்தும் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' தேசியக் கொள்கை ஆனது. மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989 ஜனவரியில் முழுதாக நின்றது.

ஒரே நாளில் நிறுத்தாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது விவாதத்துக்குரியது. வயலில் சிலந்திகள் திரும்பி வர அவகாசம் வேண்டும் என்பது ஒரு காரணம். கிடங்கில் இருந்த சரக்கும், அதை நம்பியிருந்த ஆட்களும் இன்னொரு காரணம். உர மானியத்தைத் தொடவில்லை. அது இதைவிடப் பெரியது, அதைத் தொடும் துணிவு அப்போது யாருக்கும் இல்லை.

வயல்வெளிப் பள்ளி

தடையும் விலையும் தெளிப்பைக் குறைக்கும். வயலைப் பார்த்து முடிவெடுக்க விவசாயிக்கு அவை சொல்லித்தராது. ஆணை வந்த உடனே விரிவாக்க அலுவலர்களைக் கூட்டி, மேலிருந்து கீழே பாடம் நடத்தும் பழைய பாணியில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதிகம் பயனில்லை. 1989-ல் பப்பெனாஸ் பொறுப்பிலும் உணவு வேளாண்மை அமைப்பின் தொழில்நுட்ப உதவியிலும் தொடங்கிய தேசியத் திட்டம் வேறு வழியில் போனது. உழவர் வயல்வெளிப் பள்ளி என்று இன்று பல நாடுகளில் நடப்பது அங்கே உருவானதுதான்.

சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒருமுறை காலையில் வயலில் கூடுவார்கள். ஒரு பருவம் முழுக்க இது நடக்கும். ஐந்தைந்து பேராகப் பிரிந்து சில நெற்குத்துகளை உற்றுப் பார்த்து, தூர்களையும் பூச்சிகளையும் எண்ணுவார்கள். அப்புறம் பெரிய தாளில் வரைவார்கள்: நடுவில் பயிர், ஒரு பக்கம் பூச்சி, மறுபக்கம் அவற்றைத் தின்பவை, மேலே வானிலை, கீழே தண்ணீர். அந்தப் படத்தை மற்றவர்கள் முன் வைத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று வாதம் செய்து முடிவெடுப்பார்கள். பயிற்சியாளர் பதில் சொல்லக் கூடாது. இது என்ன பூச்சி என்று கேட்டால், எங்கே கிடைத்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். தெரியாவிட்டால் சிலந்தியையும் புகையானையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். இலைகளைக் கத்தரித்துவிட்டுப் பயிர் எவ்வளவு ஈடுகட்டுகிறது என்று பார்ப்பதும் பாடத்தில் உண்டு. இலையில் ஓட்டை விழுந்தாலே விளைச்சல் போச்சு என்ற பயம் அதில் போய்விடும்.

மொத்த நிகழ்விலும் அசலான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கருத்து. புதிய பொருள் எதுவும் இல்லை, காப்புரிமை இல்லை, இறக்குமதி இல்லை. வெளியிலிருந்து வாங்கிய ஓர் இடுபொருளின் இடத்தில் விவசாயியின் கவனிப்புத் திறன் வந்து உட்கார்ந்தது. 1990களின் இறுதிக்குள் சுமார் பத்து லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளில் படித்து முடித்தார்கள்.

1990: முதல் சோதனை

1989-90ல் மேற்கு ஜாவாவின் வடக்குக் கடற்கரைச் சமவெளியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெருகியது. இது புகையான் போல அல்ல. பூச்சி தண்டுக்குள் இருக்கும், சேதம் உண்மையாகவே பெரிது. குருணை மருந்தை மறுபடி பெருமளவில் கொடுங்கள் என்று அழுத்தம் வந்தது. கொடுத்திருந்தால் 1986 ஆணை காகிதமாகியிருக்கும்.

திட்டத்தினர் வேறு வழியை எடுத்தார்கள். இந்தத் துளைப்பானின் அந்துப்பூச்சி முட்டைகளைக் குவியலாக இலை மேல் வெளிப்படையாக இடும், நாற்றங்காலில் கண்ணுக்குத் தெரியும். விவசாயிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் திரட்டி முட்டைக் குவியல்களைப் பொறுக்கினார்கள். அடுத்த பருவத்தில் தாக்குதல் அடங்கியது. வானிலையும் உதவியிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அரசியல் ரீதியாக அந்தப் பருவம்தான் கொள்கையைக் காப்பாற்றியது.

பின் நடந்தவை

ஆணைக்குப் பின் வந்த சில ஆண்டுகளிலேயே நெல்லுக்கான பூச்சி மருந்துப் பயன்பாடு பாதிக்கும் கீழே போனது. நெல் உற்பத்தி 1986-ல் சுமார் 4 கோடி டன், 1990-ல் சுமார் 4.5 கோடி டன். மானியப் பணம் மிச்சமானது.

இந்த எண்களை வைத்து மருந்தைக் குறைத்ததால் விளைச்சல் ஏறியது என்று சொல்பவர்கள் உண்டு. அது மிகை. அதே ஆண்டுகளில் ஐஆர் 64 ரகம் பரவியது, உரமும் தண்ணீரும் தாராளமாக இருந்தன. தடை போட்டால் பஞ்சம் வரும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை என்பது வரை சொல்லலாம். ஆண்டுதோறும் 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பொருளின் பெரும்பகுதி விளைச்சலுக்குத் தேவைப்படவே இல்லை என்பதற்கு அதுவே போதுமான சான்று.

பள்ளிகளின் பலனைப் பற்றி ஒத்த கருத்து இல்லை. 1991-லும் 1999-லும் ஒரே குடும்பங்களிடம் எடுத்த தரவை வைத்து, உலக வங்கி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2004-ல் வந்தது. வயல்வெளிப் பள்ளியில் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் இடையே விளைச்சலிலோ மருந்துச் செலவிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது அது. 1991-க்குள் மானியம் போய்விட்டதால் மருந்துப் பயன்பாடு எல்லோரிடமும் ஏற்கெனவே குறைந்திருந்தது, பிறகு எங்கே குறைப்பது என்பது பள்ளிகளை ஆதரிப்பவர்களின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தெளிப்பைக் குறைத்ததில் பெரும் பங்கு விலைக்குத்தான் என்று ஆதரவாளர்களின் பதிலே மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம் சரிவு. 1994-ல் திட்டம் பப்பெனாஸிலிருந்து வேளாண் அமைச்சகத்துக்குப் போனது. 1993-ல் தொடங்கிய உலக வங்கிக் கடன் 1999-ல் முடிந்தது, பள்ளிகள் அருகின. 1997-98ல் எல் நினோ வறட்சியும் நிதி நெருக்கடியும் சேர்ந்து வந்து, நாடு மறுபடி பெருமளவில் அரிசி இறக்குமதி செய்தது. 2001-ல் அதிகாரப் பரவலாக்கத்தோடு விரிவாக்கப் பணியாளர்கள் மாவட்ட நிர்வாகங்களின் கீழ் போனார்கள், பல மாவட்டங்களுக்கு இதில் ஆர்வமில்லை. மருந்துச் சந்தை திறந்தது, பதிவான மருந்துப் பெயர்கள் பெருகின. மானியம் இல்லாமலேயே மலிவாகக் கிடைத்தது. 2010, 2011 ஆண்டுகளில் ஜாவாவில் புகையான் மீண்டும் பெரிதாக வந்தது. அப்போது வயலில் நின்றவர்களில் சிலர் 1986-ல் பிறக்கவே இல்லாதவர்கள்.

திரும்பச் செய்தால் எதை மாற்றலாம்

முதலாவது, அறிவை ஒருமுறை கட்டி முடிக்கும் திட்டமாக நடத்தியது. கால்வாய்க்கு ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை ஒதுக்குகிறோம். பத்து லட்சம் பேருக்குக் கிடைத்த பயிற்சிக்கு அப்படி எதுவும் ஒதுக்கவில்லை. பழைய தலைமுறை விலகும்போது அறிவும் கூடவே விலகும். இதற்குக் கடன் பணம் பொருந்தாது, மிச்சமான மானியத்தின் ஒரு சிறு பங்கை நிரந்தர ஒதுக்கீடாக பட்ஜெட்டில் கட்டிவைத்திருக்கலாம்.

இரண்டாவது, உரம். மலிவான தழைச்சத்து கொழுத்த பயிரைத் தரும், கொழுத்த பயிர் புகையானுக்குப் பிடிக்கும். மருந்து மானியத்தை எடுத்துவிட்டு உர மானியத்தை விட்டுவைத்தது பாதி வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்திருந்தால் விவசாயிகள் தாங்கியிருப்பார்களா என்ற கேள்வி நியாயமானது. உரத்தின் மானியத்தை நிலப்பரப்புக்கான நேரடித் தொகையாக மாற்றும் வழியாவது அப்போது யோசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது, அளவீடு. 57 மருந்துகளைத் தடை செய்தவர்கள் வயலில் சிலந்தி எத்தனை என்று ஆண்டுதோறும் எண்ணிப் பொதுவில் வெளியிடும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. பள்ளிகளில் விவசாயிகள் வாராவாரம் எண்ணியது தாளோடு போனது. மாதிரி வயல்கள் சிலவற்றில் அதே எண்ணிக்கையைத் தொடர்ந்திருந்தால் 2000களின் சரிவு வயல் காய்வதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஐ.நா. 2012-ல் சுற்றுச்சூழல் பொருளாதாரக் கணக்கு முறைக்குப் பொதுச் சட்டகம் வகுத்தது, 2021-ல் சூழலமைப்புகளுக்கும் அதை நீட்டியது. இப்படிப்பட்ட எண்ணிக்கைக்கு இன்று முறைப்படி ஓர் இடம் இருக்கிறது. எண்ணி நிரப்ப ஆளும் பணமும் யார் தருவது என்பதில்தான் பெரும்பாலான நாடுகள் நிற்கின்றன.

கடைசியாக மருந்துப் பதிவு. 1986 ஆணை ஒரு பட்டியலைத் தடை செய்தது. பட்டியலில் இல்லாத புதிய மருந்தைக் கட்டுப்படுத்த அதில் வழியில்லை. ஒரு மருந்து நெல்லுக்குப் பதிவாகும் முன் அது சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் என்ன செய்கிறது என்ற வயல் சோதனை முடிவைக் கட்டாயமாக்கியிருந்தால், கேள்வி ஒவ்வொரு முறையும் விற்பவர் பக்கம் போயிருக்கும். அந்தப் பதிவுக் குழுவில் வேளாண் அமைச்சகத்தோடு திட்டமிடல் வாரியத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும்.